குடத்துக்குள் யார் பெயர்?
குடியரசு நாள் ஊர்வலமும் உத்திரமேரூர்க் கல்வெட்டும்

மலர்க் குழு அன்பர்கள் இந்த ஆண்டும் ஒரு வரலாற்றுக் கட்டுரை தரவேண்டும் என்று கேட்டார்கள். நான் பேராசிரியன் அல்லன். ஆரணிப் பட்டும் கைலியும் விற்கிற வியாபாரி. 1983-இல் தில்லி கரோல்பாக்குக்குப் பிழைக்க வந்தவன். கடையைச் சாத்திவிட்டு வந்து, சாப்பிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டுவது நாற்பது வருஷப் பழக்கம். கல்லூரியில் படித்துத் தேறியவர்களுக்கு இதில் குறை தெரிந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கட்டுரையை ஒரு கேள்வியில் தொடங்கி, நான் செய்த ஒரு தவறைச் சொல்லி முடிக்க எண்ணியிருக்கிறேன். கேள்வி இதுதான்: ஒரு நாடு தன் வரலாற்றை ஊரறிய ஊர்வலமாகக் கொண்டுபோகும்போது எதைக் காட்ட வேண்டும், எதை விடலாம்?

ஊர்தி வந்த காலை

2024 ஜனவரி 26. நாட்டின் 75-ஆவது குடியரசு நாள். எனக்கும் பேத்திக்கும் அனுமதிச் சீட்டு கிடைத்தது. விடிவதற்கு முன்னே கிளம்பி, குளிரில் நடுங்கிக்கொண்டே போய் உட்கார்ந்தோம். ராஜபாதை என்று நாம் பழகிய சாலைக்கு 2022 செப்டம்பர் முதல் கர்த்தவ்ய பாதை என்று பெயர். அந்த ஆண்டு அணிவகுப்பை நூறு பெண்கள் சங்கும் நாதஸ்வரமும் நகராவும் இசைத்துத் தொடங்கிவைத்தார்கள். தலைநகரின் பனிக்குள்ளே நாதஸ்வரம் கேட்டபோது பக்கத்தில் இருந்த ஒரு மதுரை அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் தொண்டை அடைத்தது. ஊரைவிட்டு வந்தவனுக்குத்தான் அது புரியும்.

பிறகு தமிழ்நாட்டு ஊர்தி வந்தது. குடவோலை முறைதான் பொருள். பின்பக்கம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில். முன்னால் குடமும் ஓலையுமாகத் தேர்தல் காட்சி. அந்த ஆண்டு ஊர்வலத்துக்குத் தந்த கருப்பொருள்களில் ஒன்று, பாரதம் மக்களாட்சியின் தாய் என்பது. அதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று வேறு எங்கே கிடைக்கும்? நடுவர் குழு மாநில ஊர்திகளில் ஒடிசாவுக்கு முதலிடமும் குஜராத்துக்கு இரண்டாமிடமும் தமிழ்நாட்டுக்கு மூன்றாமிடமும் தந்தது. கடைக்கு வந்த வாடிக்கையாளர்களிடமெல்லாம் ஒரு வாரம் இதே பேச்சுத்தான் எனக்கு.

இந்த மகிழ்ச்சிக்கு ஒரு முன்கதை உண்டு. 2022-இல் தமிழ்நாட்டு ஊர்தி தேர்வாகவில்லை. வ.உ.சி., பாரதியார், வேலு நாச்சியார், மருது சகோதரர்கள் என்று விடுதலைப் போரில் தமிழகத்தின் பங்கைக் காட்டும் ஊர்தி அது. முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு வங்காளத்தின் நேதாஜி ஊர்தியும், கேரளத்தின் நாராயண குரு ஊர்தியும் இடம் பெறவில்லை. தமிழக ஊர்தி சென்னையில் மெரினா கடற்கரைச் சாலையில் ஓடி, பிறகு ஊர் ஊராகப் போயிற்று. தில்லியில் இருந்த நாம் எவ்வளவு கொதித்தோம் என்பது சங்கத்து அன்பர்களுக்கு நினைவிருக்கும். கொதித்தவர்களில் நானும் ஒருவன்.

காரணம் எளிது. வெளிமாநிலத்தில் வாழ்கிறவனுக்கு அந்த ஊர்தி வெறும் அட்டையும் தெர்மோகோலும் அல்ல. பக்கத்து வீட்டுக்காரன் முன்னால் நம் வீட்டுப் பெரியவர் நடந்துபோவது மாதிரி அது.

எனக்கு இதில் இன்னொரு தனி வருத்தமும் சேரும். நான் தமிழ்ச் சமணன். எங்கள் பக்கத்தில் நயினார் என்பார்கள். வந்தவாசி, ஆரணி, போளூர் வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக ஏர் உழுது தமிழ் பேசி வாழ்கிறவர்கள். ஆனால் தில்லியில் ஜெயின் என்று சொன்ன உடனே, "சேட்ஜி, குஜராத்தா, ராஜஸ்தானா?" என்பார்கள். நம் தமிழ் அன்பர்களிலேயே சிலர், "அப்படியா, தமிழ் நல்லா பேசுறீங்களே" என்று பாராட்டியிருக்கிறார்கள்! ஊர்வலத்தில் இடம் கிடைக்காதவன் ஊரார் கண்ணில் எப்படி இல்லாமலே போய்விடுகிறான் என்பதை அனுபவத்தில் அறிந்தவன் நான். ஆகையால் ஊர்தியில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

எழுத்தில்லாத கல்வெட்டு

குடியரசு நாள் அணிவகுப்பு 1950-இல் இர்வின் விளையாட்டரங்கில் தொடங்கியது. இன்றைய தயான்சந்த் அரங்கம் அதுதான். இந்தோனேசியக் குடியரசுத் தலைவர் சுகர்ணோ முதல் சிறப்பு விருந்தினர். சில ஆண்டுகள் இடம் மாறி மாறி நடந்து, 1955 முதல் ராஜபாதையில் நிலைத்தது. மாநில ஊர்திகளைப் பாதுகாப்பு அமைச்சகம் அமைக்கும் வல்லுநர் குழு தேர்ந்தெடுக்கிறது. ஓவியம், சிற்பம், இசை, நடனம், கட்டடக் கலை தெரிந்தவர்கள் அதில் இருப்பார்கள். முதலில் வரைபடம், பிறகு சிறிய மாதிரி உருவம், பிறகு இசை என்று பல சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் சிலர் கழிவார்கள்.

விதிகளில் ஒன்று என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. ஊர்தியில் மாநிலத்தின் பெயரைத் தவிர வேறு எழுத்து எதுவும் கூடாது. பெயர் மட்டும் முன்னால் இந்தியில், பின்னால் ஆங்கிலத்தில், பக்கவாட்டில் மாநில மொழியில் இருக்கலாம். காட்சியே பேச வேண்டும் என்பது நோக்கம், அது சரிதான். ஆனால் பாருங்கள், உத்திரமேரூரின் பெருமை முழுவதும் எழுத்தில் இருக்கிறது. கோயில் அழகானதுதான், ஆயினும் அதைவிட அழகான கோயில்கள் நூறு உண்டு. அந்தக் கல்லில் வெட்டிய வரிகள்தாம் அதன் உயிர். வரிகளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு குடம், ஒரு ஓலை, ஒரு சிறுவன். அதைப் பார்க்கிறவர் தன் மனத்தில் இருக்கிற தேர்தலையே அதில் பார்ப்பார். வாக்குச்சாவடி, வரிசை, விரலில் மை எல்லாம் அவரே சேர்த்துக்கொள்வார்.

ஆகவே அந்தக் கல்லை ஒருமுறை ஒழுங்காகப் படிப்போம்.

கல் என்ன சொல்கிறது?

ஆரணியிலிருந்து வந்தவாசி வழியாகப் போனால் உத்திரமேரூர் தூரமில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு எட்டு போய்விட்டு வருவேன். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தின் அடிப்பீடக் கற்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று அவனது 12-ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 919. மற்றது 14-ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 921. பேராசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1932-இல் வெளியிட்ட சோழர் ஆட்சிமுறை பற்றிய ஆங்கில நூலில் இவற்றை விரிவாக ஆராய்ந்தார். குடத்தில் ஓலை இடும் வழக்கம் இவற்றைவிடப் பழையது. அகநானூற்றின் 77-ஆம் பாட்டில் அது உவமையாக வருகிறது. நெல்லைச் சீமையின் மானூர்க் கல்வெட்டு, பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தது, சபை உறுப்பினருக்கான தகுதிகளைப் பேசுகிறது. அது உத்திரமேரூருக்கு நூறாண்டுக்கு மேல் மூத்தது. ஆனால் தேர்வு முறையை ஒவ்வொரு படியாக, ஏமாற்ற வழியில்லாதபடி எழுதிவைத்தது உத்திரமேரூர்தான்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இன்றைய வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலைகளில் எழுதி, கட்டாகக் கட்டி, குடத்தில் இடுவார்கள். சபை முழுவதும், சிறியவர் பெரியவர் எல்லாரும், கூடியிருக்க வேண்டும். ஊரில் உள்ள நம்பிமார் ஒருவரும் விடாமல் வந்திருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டுவார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஒரே ஒரு ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை மறைத்து மாற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த விரித்த கை என்பது கடைக்காரனுக்குச் சொல்லாமலே புரியும். அவர் படித்த ஓலையைப் பிறகு நம்பிமார் அனைவரும் படிப்பார்கள்.

இப்படித் தேர்ந்தவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பொன் வாரியமும் பஞ்சவார வாரியமும் உண்டு. பதவிக்காலம் 360 நாள். இன்றும் தமிழ்நாட்டில் மின்சார வாரியம், குடிநீர் வாரியம் என்று சொல்கிறோமே, அந்த வாரியம்தான் இது. அவ்வூரின் வைரமேக தடாகம் என்ற பெரிய ஏரி ஏரி வாரியத்தார் கையில் இருந்தது.

எனக்கு மிகப் பிடித்த பகுதி அடுத்து வருவது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டும் அல்ல. அவன் தகப்பன், மகன், உடன்பிறந்தான், மாமனார், மருமகன், மைத்துனன், அக்காள் தங்கை புருஷன், மாமன் மகன், அத்தை மகன், சித்தி பெரியம்மா பிள்ளைகள் வரைக்கும் ஒருவர் விடாமல் கல்லில் பட்டியல். பினாமி என்ற சொல் அன்று இருந்ததா தெரியாது, அந்த வித்தை இருந்திருக்கிறது என்று கல்வெட்டைப் படித்தாலே தெரிகிறது! முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கும் இடம் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 919-இல் ஒரு விதி வெட்டினார்கள். இரண்டே ஆண்டில் 921-இல் அதைத் திருத்தி இன்னும் விரிவாக வெட்டினார்கள். முன்பு 30 முதல் 60 வயது என்றிருந்தது, பிறகு 35 முதல் 70 என்று ஆயிற்று. முதல் விதி போதவில்லை என்பதை ஊரார் உணர்ந்திருக்க வேண்டும். ஆயினும் பழைய கல்லைச் செதுக்கி அழிக்கவில்லை. இரண்டும் அருகருகே இருக்கின்றன. பேரேட்டில் தப்புப் போட்டால் கிறுக்கி அழிக்காதே, கோடு போட்டுக் கீழே சரியானதை எழுது என்று எங்கப்பா சொல்லிக்கொடுத்தது எனக்கு அங்கே நிற்கும்போது நினைவுக்கு வரும்.

குடத்தில் விழாத பெயர்கள்

சரி, யாருடைய பெயர் குடத்தில் விழும்? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் சொந்தமாக வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வேதக் கல்வி வேண்டும். வேதமும் அதற்கு மேல் ஒரு பாஷ்யமும் கற்றவராயின் நிலம் அரைக்கால் வேலி இருந்தாலும் போதும். அது ஒரு சதுர்வேதிமங்கலம். அந்தணருக்குத் தானமாக வழங்கப்பட்ட ஊர். சபை என்பது அவர்களுடைய சபை. உழுத குடியானவர், நெசவாளர், குயவர், கூலியாள் இவர்கள் பெயர் அந்தக் குடத்தில் இல்லை. பெண்கள் பெயர் இல்லவே இல்லை. அரசனுடைய அதிகாரி ஒருவர் கூடவே இருந்துதான் இந்த ஏற்பாடு நடந்தது என்பதையும் கல்லே சொல்கிறது.

என் பாட்டன் அந்த ஊரில் இருந்திருந்தால் அவர் பெயர் ஓலையில் ஏறியிருக்காது. இந்த மலரைப் படிக்கிற அன்பர்களில் பெரும்பாலோருடைய பாட்டனார் பெயரும் ஏறியிருக்காது. வைசாலியின் லிச்சவிகள் அரசனில்லாமல் ஆண்டார்கள் என்று நாங்கள் மகாவீரர் பிறந்த நாட்டைப் பற்றிப் பெருமை பேசுவோம். அங்கேயும் கூடி முடிவெடுத்தது குலத் தலைவர்கள்தான், ஊர் மக்கள் எல்லாரும் இல்லை.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். "ஆயிரம் வருஷத்துக்கு முந்தினதை இன்னிக்கு அளவுகோலால அளக்கலாமா?" என்பார்கள். அளக்க வேண்டாம். அந்தக் காலத்தில் உலகில் வேறெங்கும் எல்லாருக்கும் வாக்கு இருந்ததில்லை என்பதும் உண்மை. ஆனால் இன்றைய அளவுகோலால் அளக்கக்கூடாது என்கிறவர், இன்றைய பெயரை மட்டும் அதற்கு எப்படிச் சூட்டலாம்? 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமர் இந்தக் கல்வெட்டைக் குறிப்பிட்டுப் பேசினார். நாடே கேட்கிற மேடையில் நம் ஊர்ப் பெயர் ஒலித்தது எனக்கும் பெருமைதான். அப்படிப்பட்ட மேடைகளில் பெயர் ஏறிவிட்ட பிறகு, கல் சொல்வதைச் சரியாகச் சொல்லும் பொறுப்பு நமக்குக் கூடுகிறது என்பதே என் எண்ணம்.

அழைப்பிதழில் இருந்த சிங்கம்

குடியரசு நாள் அழைப்பிதழின் தலைப்பில் சிங்க இலச்சினை இருக்கும். சாரநாத் அசோகத் தூணின் உச்சியில் இருந்த சிற்பம் அது. 1904-05-இல் அங்கே தோண்டியபோது கிடைத்தது. 1950 ஜனவரி 26 அன்று அரசின் இலச்சினையாக ஏற்கப்பட்டது. வென்ற மன்னர்கள் எத்தனையோ பேர் இருக்க, ஏன் அசோகனைத் தேர்ந்தார்கள்?

அசோகனின் 13-ஆம் பெரும்பாறைக் கல்வெட்டைப் படித்தால் விடை கிடைக்கும். கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டார்கள், அதைப்போல் பல மடங்கு பேர் மாண்டார்கள் என்று வென்றவனே கணக்குச் சொல்லி, அதற்காகத் தான் வருந்துவதாகக் கல்லில் எழுதிவைக்கிறான். உலக வரலாற்றில் இப்படி எழுதிய மன்னர்கள் மிகக் குறைவு. தில்லி அன்பர்கள் விடுமுறையில் டேராடூன் போனால் அருகே கால்சியில் இந்தக் கல்வெட்டைப் பார்க்கலாம். சோழரும் பாண்டியரும் பெயர் சொல்லிக் குறிக்கப்படுவதும் இதே கல்வெட்டில்தான். வருத்தம் தெரிவித்த ஒரு கல்லில் நம்மவர் பெயர் இருக்கிறது.

ஆனால் இதிலும் ஒரு செய்தி உண்டு. கலிங்க நாட்டிலேயே உள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும் அசோகன் மற்ற கட்டளைகளில் பலவற்றை வெட்டினான். இந்த 13-ஆம் கல்வெட்டை அங்கே வெட்டவில்லை. அதற்குப் பதிலாகக் கலிங்க மக்களிடம் நீதியாக நடக்கும்படி அதிகாரிகளுக்குத் தனிக் கட்டளைகள் அங்கே இருக்கின்றன. அடிபட்டவன் முன்னால் அடித்த கணக்கைப் படிக்க அவனுக்கு மனம் வரவில்லை போலும். அசோகனே இடம் பார்த்து எதைக் காட்டுவது என்று தேர்ந்தெடுத்திருக்கிறான் என்றால், நம் ஊர்திக் குழுக்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்!

காரவேலனும் நானும்

அந்தக் கலிங்கத்தில், புவனேஸ்வரம் பக்கத்து உதயகிரிக் குன்றில், ஹாத்திகும்பா குகையின் நெற்றியில் இன்னொரு கல்வெட்டு இருக்கிறது. சமண மன்னன் காரவேலனுடையது. அருகரையும் சித்தரையும் வணங்கித் தொடங்கும் 17 வரிகள். ஆண்டுக்கு ஆண்டு தான் செய்த வெற்றிகளை அடுக்குகிறான். நந்தர்கள் கொண்டுபோன கலிங்கத்து ஜினர் திருவுருவத்தை மீட்டு வந்ததைச் சொல்கிறான். அதைப் படிக்கும்போது எனக்குப் புல்லரிக்கும். அதே கல்வெட்டில் தமிழ் நாடுகளின் நெடுங்காலக் கூட்டணி ஒன்றை உடைத்ததாகவும் ஒரு வரி இருப்பதாக அறிஞர்கள் படிக்கிறார்கள்.

இளம் வயதில் முதன்முதலில் அதைப் படித்தபோது எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சமணனாகக் கைதட்டுவதா, தமிழனாக முகம் சுளிப்பதா? இரண்டு நாள் யோசித்தேன். பிறகு இரண்டையும் வைத்துக்கொண்டேன். இன்றைக்கு ஒடிசா மாநிலத்தவர் காரவேலனைத் தங்கள் பெருமையாகக் கொண்டாடினால் நான் பக்கத்தில் நின்று கைதட்டுவேன். அந்த வரியையும் படியுங்கள் என்று சொல்வேன். ஒருவனுடைய வெற்றி ஊர்வலம் இன்னொருவன் வீட்டுத் தோல்வியாக இருக்கும் நாடு இது. இத்தனை மொழியும் சமயமும் உள்ள நாட்டில் பொதுச் சாலையில் ஊர்தி விடுகிறவன் அதை மறக்கக்கூடாது.

நான் அடித்த வரி

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

2025-இல் நம் பகுதிப் பொங்கல் விழாவில் பிள்ளைகளைக் கொண்டு குடவோலை நாடகம் போடலாம் என்று முடிவாயிற்று. கல்வெட்டு தெரிந்தவர் என்று வசனம் எழுத என்னிடம் தந்தார்கள். ஓலை எடுக்கும் சிறுவன் வேஷத்துக்குப் பையன் கிடைக்கவில்லை; எல்லாரும் கிரிக்கெட் பயிற்சிக்குப் போய்விட்டார்கள். பதினோரு வயதுப் பேத்திக்கு வேட்டி கட்டிவிட்டோம். ஒத்திகையில் அவள் கேட்டாள்: "தாத்தா, நான் ஏன் பையனா வரணும்? அங்க பொண்ணு எடுக்கக் கூடாதா?"

"எடுக்க மாட்டாங்கம்மா. பொம்பளைங்க பேரே குடத்துல கிடையாது" என்றேன்.

"அப்ப அதை நாடகத்துல சொல்லுவோமா?"

சொல்வதாகத்தான் இருந்தது. கடைசியில் கதை சொல்பவர் பேசுவதாக நான்கு வரி எழுதியிருந்தேன். இந்தக் குடத்தில் எல்லார் பெயரும் இல்லை, எல்லார் பெயரும் விழ இன்னும் ஆயிரம் ஆண்டு ஆயிற்று என்ற கருத்தில். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு நண்பர் ஒருவர், நல்ல மனிதர், பணிவாகச் சொன்னார்: "ஐயா, மத்த மாநிலத்துக்காரங்க எல்லாம் வர்றாங்க. நல்ல நாளும் அதுவுமா நம்ம குறையை நாமே ஏன் சொல்லணும்?" அவர் வற்புறுத்தவில்லை. நான்தான் என் பேனாவால் அந்த நான்கு வரியையும் அடித்தேன். மேடையில் பேர் கெட்டுவிடக்கூடாது என்ற ஆசை எனக்கும் இருந்தது.

நாடகம் பிரமாதம். கைதட்டல் ஓயவில்லை. பக்கத்துக் கடைப் பஞ்சாபி நண்பர், முப்பது வருஷமாகப் பழகியவர், எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நயினார்ஜி, அந்தக் காலத்திலேயே எல்லாரும் ஓட்டுப் போட்டார்களா!" என்று இந்தியில் கேட்டார். எனக்கு முன்னால் பக்கத்தில் இருந்தவர் முந்திக்கொண்டு, "ஆமாம், எல்லாரும்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற பேத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான். ஒன்றும் சொல்லவில்லை.

எடை குறைத்து நிறுப்பதும் களவுதான் என்று எங்கள் விரத நூல்கள் சொல்கின்றன. நாற்பது வருஷத்தில் ஒரு முழம் துணி குறைத்து அளந்ததில்லை நான். அன்றைக்கு மேடையில் அளந்தது குறைவு. கணக்குக் காட்டாதவனை விலக்கி வைத்த கல்வெட்டைப் பற்றிய நாடகத்திலேயே நான் கணக்கை மறைத்தேன்.

விடுபட்ட வரிக்குப் பின்னால்

அடித்த அந்த நான்கு வரியில் குறை மட்டுமா இருந்தது? யோசித்துப் பார்த்தால், நாட்டின் பெரிய பெருமையே அதில்தான் இருந்தது.

1921-இல் சென்னை மாகாணம் பெண்களுக்கு, சொத்துத் தகுதியோடுதான், வாக்குரிமை தந்தது. அன்றைய பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலில் தந்தது அதுதான். சில ஆண்டுகளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்ற மேலவையில் அமர்ந்தார். 1950-இல் நம் அரசியல் சட்டம் நிலம், வீடு, படிப்பு, சாதி, ஆண் பெண் என்ற எந்தத் தகுதியும் கேட்காமல் வயது வந்த எல்லாருக்கும் வாக்கு என்றது. 1951 கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு 18 பேர்தான். அந்த நாட்டில் 17 கோடிக்கும் மேற்பட்டோர் வாக்காளர். வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு சின்னம் என்று வைத்து 1951-52-இல் முதல் பொதுத் தேர்தலை நடத்திக் காட்டினார்கள்.

அந்தத் தேர்தலிலும் ஒரு கணக்கு உண்டு. பட்டியல் எடுக்கப் போனபோது லட்சக்கணக்கான பெண்கள், பெரும்பாலும் வட மாநிலங்களில், தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்றே பதிந்திருந்தார்கள். பெயர் சொன்னால்தான் வாக்கு என்று முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். அப்படியும் பெயர் தராததால் ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. தேர்தல் ஆணையம் இதை மறைக்கவில்லை. தன் அறிக்கையிலேயே பதிந்தது. அடுத்த தேர்தலுக்குள் பெரும்பாலும் சரிசெய்தார்கள். உத்திரமேரூரில் 919-ஐ 921 திருத்திய அதே வழக்கம்தான் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

2023 குடியரசு நாளில் வந்த தமிழக ஊர்தியில் ஔவையார், வேலு நாச்சியார், எம்.எஸ். சுப்புலட்சுமி, பாலசரஸ்வதி, முத்துலட்சுமி ரெட்டி என்று பெண்களே இருந்தார்கள். 2024-இல் வந்தது குடம். இரண்டு ஊர்திகளையும் மனத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டுப் பாருங்கள். குடத்தில் பெயர் இல்லாதவர்கள் பெயர் பெற்ற கதை முழுதாகத் தெரியும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் அலங்காரம்தான்.

ஊர்தியில் எழுத்துக் கூடாது என்பது அமைச்சகத்தின் விதி. நம் சங்க மேடைக்கு அந்த விதி இல்லை. நமக்கு வாய் இருக்கிறது, மலர் இருக்கிறது, கேட்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெளியூரில் வளரும் பிள்ளைகள் தமிழக வரலாற்றைப் பாடப்புத்தகத்தில் சில வரிகளுக்கு மேல் பார்ப்பதில்லை. நாம் மேடையில் சொல்வதைத்தான் பள்ளியில் போய்ச் சொல்வார்கள். அங்கே யாராவது மறுத்துக் கேட்டால் நம் பிள்ளை தலை குனியக்கூடாது. ஆமாம், பெண்கள் இல்லை, உழுதவர் இல்லை, ஆனாலும் கணக்குக் காட்டாதவனையும் அவன் மச்சானையும் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே வெளியே நிறுத்திய ஊர் எங்களுடையது என்று நிமிர்ந்து சொல்ல வேண்டும்.

பஞ்சாபி நண்பரிடம் மறுநாளே போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, "எங்க பாட்டனுக்கும் அங்க சீட்டு கிடைச்சிருக்காது போல" என்று டீ வாங்கிக் கொடுத்தார். பேத்தியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவளிடமும் சொன்னேன்.

வரும் பொங்கலுக்கு அதே நாடகத்தை மறுபடி போட விழாக் குழு அனுமதிக்க வேண்டும் என்று இந்த மலர் மூலம் கேட்டுக்கொள்கிறேன். அடித்த நான்கு வரியும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. ஓலை எடுக்கும் சிறுவனுக்கு ஒரு பையனைத் தேடிப் பிடியுங்கள். கடைசியில் வந்து அந்த நான்கு வரியைப் பேசும் வேஷம் தனக்குத்தான் வேண்டும் என்று பேத்தி இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள்.